பிள்ளைகளின் சளியும் கைவைத்தியமும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்தில் ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் இரண்டொரு நாளில் அடுத்த வீட்டிலும் இருமல் கேட்கிறது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் நமக்கோ அன்றைய சம்பளக் கவலை.

சளி வைரஸ் கிருமியால் வருவது. ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு அது சாகாது. பெரும்பாலும் பத்து நாளில் தானே போய்விடும். ஆகவே பாட்டிமாரின் கைவைத்தியத்தை நாம் பழிக்கவில்லை. வெதுவெதுப்பான கஞ்சித்தண்ணீரும் இரசமும் நல்லவைதாம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவில் சிறு கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். அதற்கு முன் தேனை நாக்கில் தடவவே கூடாது; அதிலிருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். கற்பூர எண்ணெய் தேய்ப்பதையும் விட்டுவிட வேண்டும். அது உடலில் ஏறினால் வலிப்பு வரும். (கொதிநீர்ச் சட்டியில் ஆவி பிடிக்க வைத்து வெந்துபோகும் பிள்ளைகள் வேறு!)

மூச்சை எண்ணுங்கள். பிள்ளை அழாத நேரத்தில், சட்டையைத் தூக்கி, கடிகாரம் பார்த்து முழுதாய் ஒரு நிமிடம். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதை எட்டினாலும், மூச்சிழுக்கையில் நெஞ்சின் அடிப்பகுதி குழிந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் கஷாயம் உதவாது, நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்குப் பெரட்டு போனால் போகட்டும். நிர்வாகத்திடம் வண்டி கேளுங்கள். கேட்கத் தயக்கமா? நடுச்சாமமானாலும் கிளைக் கமிட்டியாராகிய எங்கள் கதவைத் தட்டுங்கள்; நாங்கள் கேட்கிறோம்.