மடக்குக் கட்டில்காரர்

1990-ஆம் ஆண்டு, போலந்தின் வார்சா நகரம். நடைபாதையில் ஒருவர் மடக்குக் கட்டிலை விரித்து, அதன்மேல் சோப்பையும் காலுறையையும் பரப்பி விற்கிறார். அவர் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. அவரைப் போல ஆயிரமாயிரம் பேர். கைதட்டுவதானால் அவர்களுக்குத் தட்டுங்கள்!

அவருக்கு வழி திறந்தது யார் தெரியுமா? கம்யூனிஸ்ட் அரசேதான்! 1988 டிசம்பரில் தொழில்துறை அமைச்சர் வில்செக் கொண்டுவந்த சட்டம், யார் வேண்டுமானாலும் தொழில் தொடங்கலாம் என்றது. பெரும்பாலான தொழில்களுக்குப் பதிவு செய்தாலே போதும். அனுமதி கேட்டுக் கால் தேய அலைய வேண்டாம்.

1990 ஜனவரியில், நாட்டைச் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாற்றும் பால்செரோவிச் திட்டம் வந்தது. அந்த ஆண்டில் விலைவாசி 500 சதவிகிதத்துக்கு மேல் எகிறியது. ஆலைத் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அந்த வேதனையை மறைத்துப் பேசுவது பாவம்.

சந்தையைத் திறந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று ஊர் ஊராக முழங்கினார்களே சிலர், அவர்கள் பதில் சொல்லட்டும்! சரக்கு வாங்கியவன் பணம் தராமல் ஏய்த்தால், நம் கட்டில்காரர் எந்த வாசலில் போய் நிற்பார்? பெரிய ஆலை அவரை நசுக்கினால் யார் தட்டிக் கேட்பார்?

போலந்து அந்த வாசல்களைக் கட்டியது. 1990-லேயே ஏகபோகத்தைத் தடுக்கத் தனி அலுவலகம் வந்தது. 1991 மார்ச்சில் பங்குப் பத்திரச் சட்டம், அதைக் கண்காணிக்க ஓர் ஆணையம். அதன் பிறகே, ஏப்ரல் 16 அன்று, வார்சா பங்குச் சந்தையில் முதல் வணிகம் நடந்தது. எங்கே? கம்யூனிஸ்ட் கட்சியின் பழைய தலைமையகத்தில்! மொத்தம் ஐந்தே நிறுவனங்கள். வாரத்துக்கு ஒரு நாள் வணிகம். சிறிதாகத் தொடங்கினாலும், விதி முன்னே வந்தது, பணம் பின்னே வந்தது.

ரஷ்யாவில்? 1992-இல், தனியார்மயமாகும் அரசு நிறுவனங்களில் பங்கு வாங்க, ஆளுக்குப் 10,000 ரூபிள் மதிப்புள்ள பத்திரத்தைக் கையில் கொடுத்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காக அதை அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள் ஏராளம். 1995-இல் நோரில்ஸ்க் நிக்கல் நிறுவனத்தின் 38 சதவிகிதப் பங்கு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடத்திய வங்கியின் தரப்பே சுமார் 17 கோடி டாலருக்கு அதை எடுத்துக்கொண்டது. அதைவிட இரண்டு மடங்கு தருவதாக வந்த இன்னொரு கேட்பை, தகுதியில்லை என்று தள்ளிவிட்டார்கள்!