செலவில்லாத விடுமுறை

(சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு)



விடுமுறையைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபொழுது, நுவரெலியாவைப் பற்றி ஏதேனும் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். காசு செலவாகாத விடுமுறையைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பம். விடுமுறை நெருங்கும்பொழுது நம்மிற் பலர் மகிழ்வதில்லை, கணக்குப் பார்க்கிறோம். வான் வாடகை எவ்வளவு, தங்குமிடம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த முறை போவோம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நானும் அப்படிச் சொன்ன தகப்பன்தான். சில வருடங்களில் என் பிள்ளைகள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

2022ஆம் ஆண்டு சித்திரை விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து அளவெட்டியிலுள்ள மாமியார் வீட்டிற்குப் போயிருந்தோம். அது எரிபொருளுக்கு நாடெங்கும் வரிசை நின்ற காலம். ஊரைவிட்டு வேறெங்கும் போக வழியில்லை. மின்சாரமும் அடிக்கடி நின்றது. கைத்தொலைபேசியில் மின்கலம் இறங்கியதும் பிள்ளைகள் இருவரும் திண்ணையில் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார்கள்.

ஒரு நாள் இரவு முற்றத்திலே பாயை விரித்துப் படுத்தோம். வளர்பிறைக் காலமாதலால் நிலவு இருந்தது. ஆயினும் பெரிய மீன்கள் நன்றாய்த் தெரிந்தன. சித்திரை மாதத்தில் இரவு பத்துப் பதினொரு மணியளவில் வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே திரிசங்கும் எதிரெதிரே நிற்பதை நம் ஊரிலிருந்து காணலாம். பின்பு வயல்வெளிக்குப் போய்த் துருவ மீனைத் தேடினோம். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருப்பதால், துருவமும் அடிவானத்திற்கு மேலே அவ்வளவு உயரத்திலேதான் நிற்கும். கையை நீட்டி, பொத்திய கையை அடிவானத்தின்மேல் வைத்துப் பார்த்தால் அதன் மேல்விளிம்பில் மங்கலாகத் தெரியும். இலண்டனிலிருக்கும் என் தமையனாருக்கு அதே மீன் ஐந்து கை உயரத்தில் நிற்கும். திரிசங்கோ அங்கே எழுவதேயில்லை. "அப்படியென்றால் பெரியப்பாவின் வானம் வேறா?" என்று மகன் கேட்டான். நாங்கள் திரும்பி வந்தபொழுது வீட்டில் மின்விளக்கு எரிந்தது. ஒருவரும் உள்ளே போகவில்லை.

மறுநாள் இரண்டு சைக்கிள்களை இரவல் வாங்கிக் கீரிமலைக்குப் போனோம். மாமியார் பின் கரியரில் இருந்தார். மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி, நிலத்தடியாக ஓடிக் கடலோரத்தில் அந்தக் கேணியில் நன்னீராய் வெளிப்படுகிறது. சுவருக்கு அப்பால் உப்புக்கடல். ஆண்களுக்கும் பெண்களுக்கும் கேணி வெவ்வேறாதலால், நானும் மகனும் ஒருபுறம் போக, பதினொரு வயது மகள் பாட்டியுடன் மற்றப்புறம் போனாள்.

அங்கே நடந்ததை மகள் வந்து சொல்லித்தான் அறிந்தேன். பாட்டி பிறந்த வீடு கீரிமலைக்குப் பக்கத்தில். தாயாரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேணியிலேதான் நீந்தப் பழகினாராம். 1990இல் போரினால் அந்தப் பகுதியினர் இடம்பெயர்ந்தார்கள். ஆண்டுக்கணக்காக அது உயர்பாதுகாப்பு வலயத்துள் கிடந்தது. அன்று பாட்டி மகளுக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்தார். நான் அந்த வீட்டு மருமகனாகிப் பதினைந்து வருடம்; மாமியாருக்கு நீந்தத் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். (ஒன்று சொல்லவேண்டும்: கேணியாயினும் கடலாயினும் பிள்ளையைத் தனியே இறக்கலாகாது.)

மிகுந்த நாட்கள் ஒழுங்கையிற் கழிந்தன. கிளித்தட்டுக்குச் சாம்பலால் கோடு கீறினோம். அயல்வீட்டு ஐயா ஒருவர் கிளியாக நின்று எல்லோரையும் அடித்து வெளியேற்றினார். என் முழங்கால் ஒரு கிழமை நொந்தது.

ஆனால் ஒரு குறையும் உண்டு. முதல் மூன்று நாளும் என் மனைவி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அப்பொழுது எரிவாயுவும் கிடைக்காமையால் விறகடுப்பு வேறு. விடுமுறை எங்களுக்கு இலவசம். அதன் விலையை அவர் கொடுத்தார். நாலாம் நாள் நானும் மகனும் சமைத்தோம். சோறு குழைந்துவிட்டது. ஆனாலும் அன்று மாலை கிளித்தட்டில் மனைவியும் நின்றார். ஆகையால் ஆண்மக்களே, காசு செலவில்லை என்று சொல்லுமுன் வீட்டில் யாருடைய உழைப்புச் செலவாகிறது என்பதையும் பாருங்கள்.

ஊர் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொழும்பிலே காலிமுகத்திடல் இருக்கிறது. தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859இல் அந்த நடைபாதையைச் செய்து முடித்து, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லிலே பொறித்து வைத்தார். அந்தக் கல்லை எத்தனை பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம்? வடை வாங்கித்தரச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டிலேயே சுட்டுக்கொண்டு போங்கள்.

வருகிற ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை சங்கத்து முற்றத்திலே கிளித்தட்டுக் கோடு கீறுவதாக இருக்கிறோம். விளையாட்டின் விதிகளைச் சரிவரச் சொல்லித்தரப் பெரியவர்கள் இருவர் வேண்டும். பெயரைச் செயலாளரிடம் இன்றே கொடுத்துவிட்டுப் போங்கள்.