வீட்டுத் தொட்டிக்கு ஏற்ற தக்காளி ரகங்கள்

(எரியோட்டில் கூடிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



எரியோட்டுக்கு வந்து தக்காளியைப் பற்றிப் பிரசங்கம் செய்வது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும் என்று தங்களில் சிலர் எண்ணக்கூடும். இவ்வூரிலும், வடமதுரை, அய்யலூர் முதலிய இடங்களிலும் தக்காளி பயிரிட்டறியாத குடியானவர்கள் சிலரே. அய்யலூர்ச் சந்தையில் பெட்டி பெட்டியாகத் தக்காளி லாரி ஏறுவதையும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி மலையாள தேசத்துக்குப் போவதையும் தாங்கள் நித்தியம் பார்க்கிறீர்கள். அந்த வியாபாரத்தைப் பற்றித் தங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை. வாசலிலும், கொல்லைப்புறத்திலும், மொட்டை மாடியிலும் வைக்கக்கூடிய நாலைந்து தொட்டிகளைப் பற்றியும், அவற்றில் எந்த ரகத் தக்காளியை வைப்பது என்பதைப் பற்றியுமே பேச விரும்புகிறேன்.

தோட்டத்தில் காய்க்கும்போது தொட்டி எதற்கு என்று கேட்பீர்கள். தோட்டம் உள்ளவர்கள் கேட்கும் கேள்வி அது. பறிப்பு வேலைக்குக் கூலிக்குப் போகும் பெண்மணியின் வீட்டில் தோட்டம் இல்லை. தோட்டம் உள்ளவர் வீட்டிலுங்கூட, பயிர் எடுத்து முடிந்த மாதங்களில் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பறிகூலிக்கும் கட்டாமல் பழத்தைச் சாலையோரம் கொட்டிய காலங்களைத் தாங்கள் கண்டிருக்கிறீர்கள். அதே பழம் 2023-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்றது. அப்பொழுது கூட்டுறவு இலாகாவின் மூலமாய்ச் சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய் வீதம் தக்காளி விற்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பட்டணத்தாருக்கு அது பெரிய சகாயம். தக்காளி விளைவிக்கும் கிராமத்து ஏழைக் குடும்பத்துக்கு அந்தச் சகாயம் எட்டவில்லை. அவர்கள் குழம்பில் புளியைக் கூட்டிக்கொண்டார்கள். அதில் ஒன்றும் குற்றமில்லை. இது அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்த சீமைத் தக்காளிதானே; திதி சமையலில் இதை இன்னும் சேர்ப்பதில்லை. ஆனாலும் இன்றைக்கு ரசமும் சட்னியும் தக்காளி இல்லாமல் ஆகிற வீடு எத்தனை?

இனி ரகத்துக்கு வருவோம். சந்தைக்கு என்று பயிரிடும் ரகங்களைத் தேர்ந்தெடுக்கையில் வியாபாரி பார்ப்பது தோலின் கெட்டித்தன்மை. பெட்டியில் அடுக்கினால் நசுங்கக் கூடாது; லாரியில் குலுங்கினால் வெடிக்கக் கூடாது; காயாகப் பறித்தாலும் வழியில் பழுக்க வேண்டும். ஆப்பிள் தக்காளி என்றும் பெங்களூர்த் தக்காளி என்றும் கடைகளில் சொல்லப்படுகிறவை இவ்வகை. அடுப்படிக்கும் தொட்டிக்கும் இடையே பத்தடி தூரமே இருக்கும் வீட்டில் இந்தக் கெட்டித்தன்மைக்கு என்ன அவசியம்? தொட்டிக்குப் பார்க்க வேண்டிய குணம் முற்றிலும் வேறு. செடியின் உயரமும் வேரின் அளவுமே அங்கே முதலில் கவனிக்கத் தக்கவை.

தக்காளிச் செடிகள் வளரும் போக்கால் இரண்டு ஜாதியாகும். ஒரு ஜாதி, ஓரளவு உயர்ந்ததும் நுனியில் பூங்கொத்து விட்டு, அத்துடன் உயர்வதை நிறுத்திக்கொண்டு புதராக நிற்கும். அதன் காய் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் சேர்ந்து வந்துவிடும். மற்றொரு ஜாதியின் நுனி நீண்டுகொண்டே போகும்; கொடிபோல் கட்டிவிட வேண்டும்; காயும் சிறுகச் சிறுக நெடுநாள் வரும். நீளும் ஜாதியைச் சிறு தொட்டியில் வைத்தால், காலையில் விட்ட தண்ணீர் உச்சிப் பொழுதுக்குள் தீர்ந்து செடி தலை சாய்ந்துவிடும். மாலையில் மறுபடி தண்ணீர் கண்டதும் நிமிரும். இப்படித் தினம் சாய்ந்து நிமிரும் செடியில் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகும். இதைப் பூச்சி என்று நினைத்து மருந்து தெளிக்கிறவர்கள் உண்டு. அது பூச்சியன்று, தண்ணீர் தாறுமாறாகக் கிடைப்பதால் சுண்ணாம்புச் சத்து காய்க்கு எட்டாமற் போவதே காரணம். நீண்ட வடிவமுள்ள காய்களுக்கு இந்தத் தொந்தரவு அதிகம். ஆகையால் தொட்டிக்கு உருண்டைக் காய் ரகமே நலம்.

நம் ராஜ்யத்து விவசாயச் சர்வகலாசாலை வெளியிட்ட ரகங்களில் தொட்டிக்கு மிகவும் இசைந்தது கோ 3 என்பது. கோ 1 என்னும் ரகத்தில் ஸைன்ஸ் முறையால் திரிபு உண்டாக்கி இதைப் பிரித்தெடுத்தார்கள். செடி குட்டை, அடக்கமான கட்டு. வயலில் நெருக்கி நடுவதற்கென்றே ஏற்பட்டது. காய் கொத்தாக வரும். நூறு நாளை ஒட்டிப் பருவம் முடிந்துவிடும். பத்து லிட்டர் மண் கொள்ளும் பாத்திரம் ஒரு செடிக்குப் போதும். விதை கிடைத்தால் இதையே முதலில் வாங்கச் சொல்லுவேன்.

அடுத்தது பி.கே.எம். 1. பெரியகுளத்தில் உண்டானது. தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்னும் நாட்டு ஜாதியில் திரிபு உண்டாக்கி எடுத்த ரகம் இது. நம் சீமையிலேயே பிறந்து, நம் வெயிலை அறிந்த வித்து. காய் சற்றுத் தட்டையாய், காம்போரத்தில் பச்சைத் தோளுடன் இருக்கும். அந்தப் பச்சை பழுக்கவில்லை என்பதற்கு அடையாளமன்று. அதன் சுபாவமே அது. புளிப்பு நன்றாக இருப்பதால் ரசத்துக்கு ஏற்றது. செடி கோ 3-ஐவிடப் பெரிது. பதினைந்து முதல் இருபது லிட்டர் கொள்ளும் பழைய எண்ணெய் டின்னோ, பாதி மடித்த சிமெண்டுச் சாக்கோ வேண்டும். ஒரு குச்சியும் ஊன்ற வேண்டும்.

பையூர் 1 என்று ஒரு ரகம் உண்டு. பூசா ரூபியையும் கோ 3-ஐயும் இணைத்து, மானாவாரிக்காகச் செய்தது. குஜிலியம்பாறை, வேடசந்தூர்ப் பக்கம் தண்ணீர்க் கஷ்டம் உள்ள வீட்டார் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

வீரிய ஒட்டு ரகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் வெளியிட்ட அர்க்கா ரக்ஷக் என்பது இலைச்சுருட்டு, வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்று நோய்களைத் தாங்கும். நல்ல ரகம். வேறிடத்து மண்ணுக்குப் போக வழியில்லாமல், முன்பு செடி வாடி மாண்ட மண்ணையே தொட்டிக்கு எடுப்பவர்களுக்கு இதுவே பொருந்தும். ஆனால் இதன் பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த போகம் போட்டால், தாய்ச் செடியின் குணம் எல்லாச் செடியிலும் வராது. ஒன்று நெட்டையாகும், ஒன்று பிஞ்சிலே உதிர்க்கும். ஒவ்வொரு தரமும் விதை வாங்க வேண்டும். கோ 3, பி.கே.எம். 1 இவற்றுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வதால், ஒரு முறை வாங்கிய வித்தைப் பல வருஷம் நாமே காப்பாற்றி வரலாம். பாத்திரம் கழுவுமிடத்தில் தானாக முளைக்கும் செடி சில வீடுகளில் நன்றாய்க் காய்ப்பதும், சில வீடுகளில் வெறும் தழையாய் நிற்பதும் ஏன் என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: கடைப் பழம் ஒட்டு ரகமாக இருந்திருக்கும்.

செர்ரித் தக்காளி என்னும் கோலிக்குண்டு அளவுப் பழத்தை வேடிக்கைச் சாமான் என்று தள்ளிவிட வேண்டாம். வெயில் மிகுந்த மாதங்களில் பெரிய காய் ரகங்கள் பூவை உதிர்த்துவிடும்போதும், சிறு காய் ரகங்கள் ஓரளவு காய் பிடிக்கும். குழந்தைகள் பறித்துத் தின்றுவிடுவதே அதில் உள்ள குறை.

வெயிலைப் பற்றிச் சொன்னேன். இதில் ஓர் உண்மையை மறைக்கலாகாது. தக்காளிப் பூ காயாக மாறுவதற்கு இரவு குளிர்ச்சி வேண்டும். பகலில் 35 டிகிரி தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் பூ கொட்டிப்போகும். சித்திரை, வைகாசியில் வயலில் பூ கொட்டுவதாலேயே ஆனி, ஆடியில் விலை ஏறுவதுண்டு. நம் தொட்டிச் செடியும் அதே வெயிலில்தான் நிற்கிறது. ஆகவே, விலை ஏறும் மாதத்தில் வீட்டில் கூடை கூடையாய்ப் பறிக்கலாம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் வயலுக்கு இல்லாத ஒரு சௌகரியம் தொட்டிக்கு உண்டு. அதைத் தூக்கி வைக்கலாம். மாசிக் கடைசியில் செர்ரியோ நாட்டு ஜாதியோ விதைத்து, சித்திரையில் தொட்டியைக் கிழக்குத் தாழ்வாரத்துக்கு நகர்த்தி, பிற்பகல் வெயில் படாமல் காத்தால் கொஞ்சமாவது கிடைக்கும். நிச்சயமான பருவங்கள் வேறு. ஆடியில் விதைத்து ஆவணியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பழம் வரும். அடைமழைக்குத் தொட்டியைத் தாழ்வாரத்தில் ஒதுக்க வேண்டும். கார்த்திகையில் விதைத்து மார்கழியில் நட்டால் மாசி, பங்குனியில் பழம் வரும். மாசிப் பழத்தில் மிஞ்சியதைத் தொக்காகவும் வற்றலாகவும் செய்து வைத்தால் ஆனி மாதத்துக்கு உதவும்.

எவ்வளவு கிடைக்கும்? நன்றாய்ப் பராமரித்த குட்டைச் செடி ஒன்றுக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் கால் கிலோ செலவழிக்கும் குடும்பத்துக்கு மாதம் ஏழரைக் கிலோ வேண்டும். ஆறு செடி இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதத் தேவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல், மூன்று செடிகளை முதலிலும் மூன்றை இருபது நாள் கழித்தும் நட்டால் பழமும் விட்டு விட்டு வரும்.

தொட்டிக்கு மண் எடுக்கையில், கத்தரி, மிளகாய், தக்காளி, புகையிலை ஆகியவை இருந்த நிலத்து மண்ணை எடுக்க வேண்டாம். இந்நான்கும் ஒரே குடும்பத்துச் செடிகள்; ஒன்றின் வியாதி மற்றொன்றுக்குத் தாவும். செம்மண்ணுடன் சம பங்கு மட்கிய தொழுவுரமும், நன்கு மட்கிய தென்னை நார்க்கழிவும் கலந்துகொண்டால் போதும். உவர்க் கிணற்றுத் தண்ணீரையே விடுகிறவர்கள், தொட்டியின் அடி ஓட்டையை அடைய விடாமல், எப்போதாவது மழைத் தண்ணீர் தாராளமாய் ஓடி வெளியேறும்படி செய்வது அவசியம். இல்லாவிடில் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும்.

புகையிலை என்றதும் இன்னொன்று. வேடசந்தூர்த் தாலுகா மெல்லும் புகையிலைக்குப் பேர்போனது. 1948-இலேயே அங்கு புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நம் பெரியவர்களில் பலருக்கு வாயில் புகையிலை இல்லாவிட்டால் கை வேலை செய்யாது. புகையிலையிலுள்ள தேமல் நோயின் விஷக்கிருமி, பாடம் செய்த இலையிலும் சாகாமல் இருக்கும். புகையிலை கசக்கிய கையால் நாற்றைத் தொட்டால் அந்நோய் தக்காளிக்கு வந்துவிடும். சோப்புப் போட்டுக் கை கழுவிய பின் செடியைத் தொடுங்கள். தாத்தாவைத் தொட்டியருகே விடாதே என்று பேரன் சொன்னால் கோபிக்க வேண்டாம்.

கடைசியாக, இந்தக் கூட்டத்தை எதற்குக் கூட்டினோமோ அந்த விஷயம். தக்காளி விதை ஒரு கிராமில் ஏறக்குறைய 300 இருக்கும். ஒரு பத்துக் கிராம் பொட்டலத்தில் 3000 விதை. ஆறு செடி வைக்கும் வீட்டுக்குப் பழுது போகப் பத்து விதை போதும். ஆக, ஒரு பொட்டலம் முந்நூறு வீட்டுக்குக் காணும். தனித்தனியே வாங்கினால் ஒவ்வொருவரும் பொட்டலத்தின் முழு விலையையும் கொடுத்து, மிச்ச விதையைப் பரணில் எலிக்குப் போடுவார்கள். சங்கத்தின் பேரால் பி.கே.எம். 1 ஒரு பொட்டலமும், கிடைத்தால் கோ 3 ஒரு பொட்டலமும் வாங்கி, நாற்று விடத் தெரிந்த ஓர் அங்கத்தினரிடம் ஒப்படைத்தால், இருபத்தைந்து நாளில் நாற்று எல்லார் வீட்டுக்கும் போய்விடும். செலவை வீட்டுக்கணக்கில் பகிர்ந்தால் சில ரூபாயைத் தாண்டாது.

இரண்டாம் வருஷத்துக்கு விதை வாங்க வேண்டாம். நோயில்லாத, நன்றாய்க் காய்த்த செடிக்கு இப்போதே நூல் கட்டி அடையாளம் வையுங்கள்; அழகான பழத்தைப் பார்த்து அன்று, நல்ல செடியைப் பார்த்தே விதை எடுக்க வேண்டும். முழுதும் பழுத்த பழத்தைப் பிழிந்து, தண்ணீர் சேர்க்காமல் மண் சட்டியில் ஒன்றிரண்டு நாள் புளிக்க வைத்து, பிறகு அலசினால் கொழகொழப்பு நீங்கி நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் துணியின்மேல் உலர்த்தி, ரகத்தின் பெயரும் வருஷமும் எழுதிச் சங்கத்து அலமாரியில் வைத்தால் மூன்று வருஷம் வரையில் முளைக்கும்.

விதை வேண்டுவோர் எத்தனை தொட்டி, எந்த ரகம் என்பதைக் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் சொல்லிப் பெயரைப் பதிந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். தொட்டிக்குப் பாத்திரம் இல்லாதவர்களும் பதியலாம். சங்கத்து உர டிப்போவில் கிழிந்த சாக்குகள் இருப்பதை நான் சற்றுமுன் பார்த்தேன். அவற்றை நன்றாய் அலசி அங்கத்தினர்களுக்குக் கொடுக்கலாமா என்பதை நிர்வாக சபையார் இன்றே தீர்மானிக்கலாம்.