பிள்ளைகளோடு கழியும் பொழுது
(நமது மக்தப் மதரஸாவின் ஆண்டு விழாவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

பிள்ளை வளர்ப்பு என்னும் தலைப்பு ஆண்டுதோறும் நமக்கே தரப்படுகிறது. நாமும் ஆண்டுதோறும் கடமைகளை வரிசைப்படுத்திச் சொல்லி அமர்ந்து விடுகிறோம். அழகிய பெயர் சூட்டுதல், அகீகா கொடுத்தல், ஏழு வயதில் தொழுகையை ஏவுதல், ஹலாலான உணவு ஊட்டுதல் எனச் சொன்னவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் மனப்பாடமாகியிருக்கும். கடமைகள் கடமைகளே; அவற்றில் மாற்றமில்லை. ஆனால் இந்த ஆண்டு அவற்றை விடுத்து, பிள்ளைகளால் பெற்றோருக்குக் கிட்டும் சின்னஞ்சிறு மகிழ்ச்சிகளைப் பற்றிப் பேச நாடினோம். மிம்பரில் பேசத் தகுந்த விஷயமா இது எனச் சிலர் எண்ணக்கூடும். அதற்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறி விடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் நமது ஜமாஅத்தைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். இரண்டு மாத விடுப்பில் வளைகுடா நாட்டிலிருந்து ஊர் வந்திருந்தவர். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். "ஹள்ரத், பையனுக்கு ஏதோ பயம் பிடித்திருக்கிறது. என்னைக் கண்டாலே அலறி அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்து கொள்கிறான். ஓதி ஊதித் தாருங்கள்" என்றார். பையனுக்கு மூன்று வயது. அவன் பிறந்து நாற்பது நாள் ஆகுமுன்னே இவர் விமானம் ஏறியவர். நாம் ஓதித்தான் கொடுத்தோம். கொடுத்து விட்டு, "தம்பி, பிள்ளைக்குப் பயம் ஒன்றுமில்லை. உங்களை அவன் இன்னும் அறியவில்லை, அவ்வளவுதான்" என்றோம். அவர் தலையைக் குனிந்து கொண்டார். கண் கலங்கியதை நாம் பார்க்கவில்லை என்பது போல் இருந்து கொண்டோம்.

அவருக்கு அதைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டு. ஏனெனில் அந்த வேதனை நமக்கும் தெரியும். நம் மகள் பிறந்த காலத்தில் நாம் வெகு தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் இமாமத் செய்து கொண்டிருந்தோம். குடும்பம் தங்க அங்கே வீடு இல்லை. மாதம் ஒரு முறை, ஒரு ஜும்ஆ முடிந்து பஸ் ஏறினால் சனிக்கிழமை இரவு திரும்பி விட வேண்டும். மகள் பேசத் தொடங்கியபோது தன் தாயின் தந்தையை "அத்தா" என்று அழைத்தாள். நம்மை, தெருவில் எல்லோரும் அழைப்பதைக் கேட்டு, "ஹள்ரத்" என்று அழைத்தாள். வீட்டார் எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். திரும்பும் பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை.

பிறகு அல்லாஹ்வின் கிருபையால் இந்த ஊருக்கு வந்தோம். பள்ளிவாசலை ஒட்டி வீடும் தந்தீர்கள். மகன் இங்கேதான் பிறந்தான். இன்று மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. முதல் பிள்ளையிடம் நாம் தவற விட்டவை எவை என்பதை இரண்டாம் பிள்ளைதான் நமக்குக் காட்டிக் கொடுத்தான்.

அவை பெரிய விஷயங்கள் அல்ல. பஜ்ர் தொழுது விட்டு வீடு திரும்பினால், நாம் எழுந்து சென்ற இடத்தில் உருண்டு வந்து நமது தலையணையைக் கட்டிக்கொண்டு மகன் உறங்குவான். எழுப்ப மனம் வராது. அக்காவுக்கு முன்பல் விழுந்த வாரம், வீட்டில் எல்லோரும் அவள் வாயைத் திறந்து திறந்து பார்த்தோம். அன்றிரவு மகன் இரு கையேந்தி துஆ கேட்டான்: "யா அல்லாஹ், அக்காவுக்குப் பல்லு முளைக்கணும். எனக்குப் பல்லு விழணும்." ஆமீன் சொல்வதா வேண்டாமா என்று நாம் திகைத்துப் போனோம். அவன் தாயார் முந்திக் கொண்டு, "நேரம் வரும்போது" என்றார்கள். மார்க்கம் ஓதிய நமக்கு அந்த விடை தோன்றவில்லை.

ரமளானில் நோன்புக் கஞ்சி வாங்க இருவரும் தூக்குச் சட்டியோடு பள்ளிக்கு வருவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். தூக்கைச் சுமப்பவள் அக்கா. தம்பி பிடியில் ஒரு விரலைக் கோத்துக்கொண்டு, பாரம் முழுவதும் தன்னுடையது என்னும் நினைப்பில் மூச்சு வாங்க நடந்து வருவான். வீட்டுக்கு வந்ததும், "நான்தான் தூக்கிட்டு வந்தேன்" என்பான். அவள் மறுத்துப் பேச மாட்டாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பெருந்தன்மையை யார் கற்றுக் கொடுத்தது என்று நமக்குத் தெரியவில்லை. நாம் கற்றுக் கொடுக்கவில்லை. அது மட்டும் தெரியும்.

எல்லா நேரமும் பெருந்தன்மை இருக்கும் என்று நினைத்து விடாதீர்கள். நிகாஹ் மஜ்லிஸிலிருந்து பேரீச்சம்பழம் கொண்டு போனால் வீடே யுத்தகளம். ஆகவே ஒரு சட்டம் வைத்தோம்: ஒருவர் பங்கு பிரிக்க வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். மகள் பிரிக்கும் நாளில், இப்படியும் அப்படியும் வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்து, பாகப்பிரிவினை எழுதும் வக்கீலைப் போல் வெகு நேரம் எடுத்துக் கொள்வாள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை, ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து அதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று கேட்டு, இல்லை என்றதும் நாயகம் (ஸல்) அவர்கள் சாட்சியாக மறுத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நாம் பல முறை பாடம் நடத்திய ஹதீஸ். அதன் கனம் நமக்குப் புரிந்தது இரண்டு பிள்ளைகளும் நம் கையையே பார்த்துக் கொண்டு நின்ற அந்தப் பேரீச்சம்பழத் தட்டின் முன்னால்தான்.

மற்றொரு நாள் லுஹருக்குப் பின் வீட்டுக்குள் நுழையும்போது உள்ளே ஓதும் சப்தம் கேட்டது. கதவோரம் நின்று பார்த்தோம். மகள் தலையணை மேல் அமர்ந்து ஹள்ரத் ஆகியிருந்தாள். எதிரே தம்பியும், அவனுக்குத் துணையாக இரண்டு பொம்மைகளும். நாம் தொண்டையைச் செருமுவது போலவே செருமினாள். நம்மைப் போலவே விரலால் கிதாபைத் தட்டினாள். நாம் ரசித்துக் கொண்டிருக்கையில், முகத்தைக் கடுமையாக்கி, "நாளைக்கு சபக் வரலைன்னா வெளியேதான் நிக்கணும். போன வாரம் ஒருத்தன் நின்னான்ல, அது மாதிரி" என்றாள். நமக்குச் சுருக்கென்றது. போன வாரம் நாம் ஒரு சிறுவனை வெயில் ஏறும் வரை வெளியே நிறுத்தியது உண்மை. அதை மறந்தே போயிருந்தோம். மறுநாள் மக்தபில் அந்தச் சிறுவனை அருகே அழைத்து உட்கார வைத்து நாமே சபக் சொல்லிக் கொடுத்தோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவு உலூமித்தீனில், மக்தபிலிருந்து திரும்பும் பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் ஓதச் சொன்னால் அதன் உள்ளம் மரத்துப் போகும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வஃபாத்தானது ஹிஜ்ரி 505-ல். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகின்றன. நமது மதரஸாக்களின் கால அட்டவணையில் அந்த வரிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

பிள்ளைகளிடம் மகிழ்வது கண்ணியத்துக்குக் குறைவு என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. தந்தை என்றால் முகத்தை உம்மென்று வைத்திருக்க வேண்டுமாம். அக்ரஃ இப்னு ஹாபிஸ் என்னும் கோத்திரத் தலைவர், நாயகம் (ஸல்) அவர்கள் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிடுவதைக் கண்டு, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். பெருமையாகத்தான் சொன்னாரோ என்னவோ. இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி.

ஹஸன் (ரலி) அவர்கள் பிறந்தது ஹிஜ்ரி 3-ல், ஹுஸைன் (ரலி) அவர்கள் பிறந்தது ஹிஜ்ரி 4-ல். ஏறத்தாழ ஒரு வயது இடைவெளியில் இரு சிறு பிள்ளைகள் ஒரு வீட்டில் இருந்தால் அந்த வீடு எப்படி இருக்கும் என்பதைத் தாய்மார்களே, நீங்கள் அறிவீர்கள். ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் உரை நிகழ்த்திக் கொண்டிருக்கையில், அவ்விருவரும் சிவப்புச் சட்டை அணிந்து, தடுக்கித் தடுக்கி நடந்து வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் உரையை நிறுத்தினார்கள். மிம்பரிலிருந்து இறங்கினார்கள். இருவரையும் தூக்கி வந்து தம் முன்னே அமர்த்திக் கொண்டார்கள். செல்வமும் பிள்ளைகளும் சோதனையே என்னும் இறைவாக்கை நினைவு கூர்ந்து, இவ்விருவரும் தடுமாறி வருவதைக் கண்டு தம்மால் பொறுத்திருக்க இயலவில்லை என்று சபையோரிடமே சொல்லி விட்டார்கள். புரைதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி திர்மிதி, அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் உள்ளது. சட்டையின் நிறத்தைக்கூட மறவாமல் அறிவித்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இதே நஸாயீயில் வேறொரு செய்தி. ஸஜ்தாவில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, நாயகம் (ஸல்) அவர்கள் ஸஜ்தாவை நீட்டினார்கள். தொழுகைக்குப் பின் தோழர்கள் ஏதோ நேர்ந்து விட்டதென்று அஞ்சிக் கேட்டபோது, பிள்ளையின் ஆசை தீருமுன் இறக்கி விட மனம் வரவில்லை என்று விளக்கினார்கள்.

இந்த ஹதீஸை ஓதிய நாம், ஒரு ரமளான் தராவீஹில் மைக்கைப் பிடித்து, "சிறு பிள்ளைகளைக் கொண்டு வந்து எங்கள் தொழுகையைக் கெடுக்காதீர்கள்" என்று கடிந்து பேசினோம். பெரியவர்கள் சிலர் பாராட்டினார்கள். மறுநாள் கடைசி வரிசை வெறிச்சோடிக் கிடந்தது. அமைதியாகத்தான் தொழுதோம். அந்த அமைதி நமக்கு இன்பம் தரவில்லை. இன்று அந்தச் சொல்லை இதே சபையில் திரும்பப் பெற்றுக் கொள்கிறோம்.

இவ்வளவும் மகிழ்ச்சியாகப் பேசுவது நமக்கு எளிது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குளிப்பாட்டி, தலை சீவி, சோறூட்டி, காய்ச்சலில் இரவெல்லாம் விழித்த பின் எஞ்சும் சிரிப்பே நம் பங்குக்கு வருகிறது. பாடு தாயாருடையது. அந்தப் பாட்டில் கொஞ்சம் பங்கெடுத்தால்தான் பிள்ளை நம்மை அறிகிறது. அந்த வாலிபரிடமும் இதையே சொன்னோம்: "பொம்மை வாங்கிக் குவிக்காதீர்கள். தூக்கி முத்தமிடவும் அவசரப்படாதீர்கள். குளிக்க வைக்கும் வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள். செல்போனை அலமாரியில் வைத்து விடுங்கள்."

முதல் வாரம் குளியலறையில் ஒரே அலறல் என்று வந்து சொன்னார். இரண்டாம் வாரம், வாளித் தண்ணீரை அவன் இவர் மேல் ஊற்றினானாம். சட்டை நனைந்த படியே மக்ரிபுக்கு ஓடி வந்து சொன்னார். மூன்றாம் வாரம் தோளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கே வந்தார். விடுப்பு முடிந்து கிளம்பிய இரவு, பையன் அழவில்லையாம். "நாளைக்கு என்னை யார் குளிப்பாட்டுறது?" என்று மட்டும் கேட்டானாம். அழுதவர் இவர்தான். விமான நிலையத்திலிருந்து நமக்குப் போன் செய்து சொன்னார். இதை உங்களிடம் கூற அவருடைய அனுமதியும் பெற்றிருக்கிறோம்.

வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடந்த சபுராளிகளை நாம் குறை கூறவில்லை. இந்தப் பள்ளியின் மினாராவும் அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்ததே. ஊரிலேயே இருந்தும் கடையே கதியென்று இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பி, உறங்கும் பிள்ளையை மட்டும் பார்ப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு விமானச் சீட்டு வேண்டியதில்லை. வாரத்தில் ஓர் இரவு இஷாவோடு கடையை அடைத்தால் போதும். விளக்கணைத்த பின் யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லிப் பாருங்கள். "மீனுக்கு வயிறு வலிக்கலையா?" என்று நம் மகன் கேட்டது போல் உங்கள் பிள்ளையும் ஏதேனும் கேட்கும்.

கமிட்டியாரிடம் ஒரு விண்ணப்பம் வைத்து அமர்கிறோம். அந்த வாலிபரின் மகன் இப்போது தன் பாட்டனாரோடு அஸருக்கு வருகிறான். ஒளுச் செய்யும் இடத்தில் குழாய்கள் எல்லாம் பெரியவர்களின் உயரத்தில் இருக்கின்றன. பாட்டனாருக்கோ முழங்கால் வலி; அவனைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. நேற்று நாம் தூக்கிப் பிடித்தோம். இடது ஓரத்தில் இரண்டு குழாய்களைத் தாழ்வாக இறக்கி வைத்தால் அவனும் அவனை ஒத்த பிள்ளைகளும் தாமே ஒளுச் செய்து கொள்வார்கள். பிளம்பர் நாளை ஹவ்ளு வேலைக்கு வருகிறார் என்று மோதினார் சொன்னார். அவரிடமே இதையும் சொல்லி விடலாம்.

வஸ்ஸலாம்.