பள்ளியை நாமும் அளந்து பார்ப்போம்
(திருவனந்தபுரத்தில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கும்போது ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, கல் கிடக்கிறதா என்று பார்க்காமல் நாம் காசை எடுப்பதில்லை. பெற்ற பிள்ளையைப் பகல் முழுவதும் ஒப்படைக்கும் பள்ளியை மட்டும் அப்படிப் பார்ப்பதில்லை. வாசலில் விட்டுவிட்டு வேலைத்தலத்துக்கு ஓடுகிறோம். கட்டடம் பெரிது, புத்தகம் தருகிறார்கள், மதியம் சோறு போடுகிறார்கள் என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது.

அரசாங்கம் வேறொரு கணக்குச் சொல்கிறது. 2023-ல் கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.70 சதவீதம். பெருமைப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் இது தேர்வு எழுதியவர்களின் கணக்கு. ஏழாம் வகுப்பில் பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, மேஸ்திரியோடு சிமெண்டு சுமக்கப் போன பையன் இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நம் தெருவில் நடந்ததையே சொல்கிறோம். பள்ளியின் பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆண்டின் நடுவில் வந்த குடும்பம். பெண்ணுக்குப் பத்து வயது, ஊரில் ஐந்தாம் வகுப்பு. மலையாளம் தெரியாது என்று இங்கே இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். பையன்கள் ‘பாண்டி’ என்று கூப்பிட்டார்கள். மூன்றாவது வாரம் காலையில் வயிற்றுவலி என்றாள். மறுநாளும் அதே வலி. தாய் ஒருநாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நோய் ஒன்றுமில்லை என்றார்கள். பதினொரு நாள் அந்தப் பெண் பள்ளிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாங்கள் நான்கு பேர் போனோம். தலைமையாசிரியை கெட்டவர் அல்லர். “பாஷை தெரியாத குட்டியை வேறு எங்கே இருத்துவது?” என்று உண்மையாகவே கேட்டார். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைச் சொன்னோம். படிப்பு நடுவில் நின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதை ஈடுகட்டத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்கிறது அது. டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்க மறுக்கக் கூடாது. அடிக்கவோ மனம் நோகப் பேசவோ கூடாது. இரண்டாம் முறை போன பிறகு ஐந்தாம் வகுப்பு கிடைத்தது. தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியை மதிய இடைவேளையில் அரை மணி நேரம் ஒதுக்கினார். வயிற்றுவலி நின்றதா என்று கேட்பீர்கள். குறைந்திருக்கிறது.

இது ஆகாத காரியம் அல்ல. எர்ணாகுளத்தில் மாவட்ட நிர்வாகம் 2017-ல் ‘ரோஷ்ணி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வெளிமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, அவர்கள் வீட்டு மொழி தெரிந்தவர்களையே பள்ளிக்குள் கொண்டுவந்து, அந்த மொழி வழியாக மலையாளம் சொல்லிக் கொடுத்தார்கள். காலைச் சிற்றுண்டியும் கொடுத்தார்கள். பசித்த வயிற்றுக்கும் புரியாத மொழிக்கும் ஒரே இடத்தில் வழி கண்டது அது.

ஆகவே, நாம் எதைப் பார்க்க வேண்டும்? சாயங்காலம் பிள்ளையிடம் “என்ன படித்தாய்?” என்று கேட்காதீர்கள். “ஒன்றுமில்லை” என்றுதான் பதில் வரும். யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், டீச்சர் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார், இன்றைக்கு நீ அவரிடம் என்ன கேட்டாய் என்று கேளுங்கள். கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா? கழிப்பறைக்குப் போகப் பயந்து பெண் பிள்ளை நாள் முழுதும் தண்ணீர் குடிக்கவில்லை என்று அர்த்தம். பாடத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

நம் மேலும் குற்றம் உண்டு. கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் பதினைந்து நாள் திரும்புவதில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை நிறுத்திவிடுகிறோம். அந்த நாள்களுக்குப் பள்ளியைக் குறை சொல்ல முடியாது.

இந்த மண்ணில் உழைப்பாளிகள் பள்ளிக்காகவே வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அய்யன்காளியின் தலைமையில், தங்கள் பிள்ளைகளைப் படிக்க விடாதவரை வயலில் இறங்கமாட்டோம் என்று நின்றார்கள். பாலராமபுரத்தை அடுத்த ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அவர் கைப்பிடித்துக் கூட்டிப் போனார். பள்ளிக்கே தீ வைத்தார்கள். எரிந்து மிஞ்சிய பெஞ்சு அங்கே காக்கப்பட்டிருக்கிறது. 2022-ல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் வைக்கப்பட்டது. பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போய்ப் பாருங்கள்.

நமக்குச் சட்டமே உள்ளே நாற்காலி போட்டிருக்கிறது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தை வேலை நாள் பகலில் வைத்தால் நம்மில் யார் போவது? ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி மனுக் கொடுப்போம். அதுவரை, ஒவ்வொரு பள்ளிக்கும் நம்மில் இரண்டு தாய்மார்கள் போகட்டும். யார் யார் போவது, அவர்கள் இழக்கும் கூலியைச் சங்கம் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதை, இந்தக் கூட்டம் கலைவதற்குள் பேசி முடித்துவிடலாம்.