ஒரு பெருச்சாளி, பல பெருச்சாளிகள்



புதுச்சேரி பெரிய வாய்க்கால் ஓரம் இருட்டில் நடந்தால் பெருச்சாளி ஓடும். வளை தோண்டுகிற பிராணி. வீட்டுச் சுவர் ஓரத்து மண்ணையும் பறிக்கும்.

ஊர்ப்பணத்தைத் தின்பவரையும் பெருச்சாளி என்றுதான் சொல்கிறோம். மணக்குள விநாயகரைக் கும்பிடும்போது, பிள்ளையார் வாகனம் என்று அதையே வணங்குகிறோம். திட்டவும் அதே பெயர், கும்பிடவும் அதே பெயர்!

தெலுங்கில் இது பந்திக்கொக்கு. பன்றி எலி என்று பொருள். அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் பாண்டிகூட் ஆனது. பிறகு கப்பலேறி ஆஸ்திரேலியா போனது. அங்கே அந்தப் பெயரில் இருப்பது எலியே அல்ல. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் வேறு பிராணி.

எனக்குப் பிடித்த பாண்டிகூட் இன்னொன்று. கேரள இளைஞர்கள் செய்த இயந்திரம். 2018-இல் வேலைக்கு வந்தது. பாதாளச் சாக்கடைக்குள் மனிதருக்குப் பதிலாக அது இறங்கும். கையை நீட்டிக் கசடை அள்ளும்.

சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. விஷவாயு நொடியில் உயிரைக் குடிக்கும்.

உங்கள் வீட்டுத் தொட்டி நிறைந்தால் இயந்திர வண்டியைக் கூப்பிடுங்கள். ஆளை இறக்காதீர்கள்.