வாயில் காத்த தத்தன்



கார்த்திகை பிறந்துவிட்டால் தேனி, கம்பம், குமுளி வழியாகச் சபரிமலை செல்லும் அடியார் கூட்டம் பெருகும். ஊரும் பேரும் அறியாதவராயினும் அவரைச் 'சாமி' என்றழைத்துத் தண்ணீரும் உணவும் அளிப்பது ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் வட்டாரத்து மக்களின் பண்பு.

அதே கார்த்திகைத் திங்கள் உத்திர நாளில்தான் மெய்ப்பொருள் நாயனாரின் குருபூசை வருகிறது. சேதிநாட்டு மன்னரான அவர், சிவனடியார் வேடத்தையே மெய்ப்பொருளாகப் போற்றியவர். போரில் அவரிடம் தோற்ற முத்தநாதன், மேனியெங்கும் நீறு பூசி, சுவடிக் கட்டினுள் கருவியை மறைத்து, இரவில் திருக்கோவலூர் அரண்மனை புகுந்தான். மற்ற காவலர் வழிவிட்டனர். இறுதி வாயிலில் நின்ற தத்தன் ஒருவனே, மன்னர் துயிலும் நேரம் எனத் தடுத்தான். ஆகமம் உரைக்க வந்ததாகக் கூறி உள்ளே சென்ற வஞ்சகன், தரையில் அமர்ந்து பணிந்த மன்னரைக் குத்தினான். வாளுடன் பாய்ந்த தத்தனைத் தடுத்த நாயனார், அவனுக்கு இடர் நேராமல் ஊருக்கு வெளியே விட்டுவரப் பணித்தார். அச்செய்தி கேட்ட பின்னரே உயிர் நீத்தார்.

நாயனாரின் அன்பு வணங்குதற்குரியது. ஆயினும் அவர் ஈந்தது தம் உயிரை. இல்லறத்தாரிடம் இருப்பதோ பிள்ளைகளின் வாழ்வும் முதியோரின் சேமிப்பும். தம்முடையதைத் தருவது தியாகம். பிறருக்காகக் காக்க வேண்டியதைக் கைவிடுவது தியாகம் ஆகாது. எனவே இல்லத்தின் வாயிலில் ஒரு தத்தன் நிற்றல் வேண்டும்.

திருவள்ளுவரும் விருந்தோம்பல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். தெரிந்துதெளிதல் என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். பசித்து வந்தவருக்குச் சோறிட ஆராய்ச்சி வேண்டா. பொறுப்பை ஒப்படைக்க ஆராய்ச்சி வேண்டும். போடியில் ஏலக்காய் வாங்கும் வணிகர், மாதிரியைப் பார்த்த பின்னரே விலை கூறுவார். அதனால் விற்பவர் மனம் நோவதில்லை. அவ்வாறே, புதியவரை இன்முகத்துடன் விசாரிப்பது அவமதிப்பன்று. நேர்மையாளர் விடை கூறுவார், வஞ்சகரே அவசரப்படுத்துவார்.

நகைக்கு மெருகேற்ற வருபவர், வேலை வாங்கித் தருவதாகப் பிள்ளைகளை அழைப்பவர், வங்கி அதிகாரி எனக் கூறித் தொலைபேசியில் ரகசிய எண் கேட்பவர் ஆகியோரிடம் விழிப்பு வேண்டும். தொலைபேசி, இணையம் வழியே பணம் இழந்தவர் உடனே 1930 என்ற எண்ணிலும், குழந்தைகளுக்கு ஆபத்தென்றால் 1098 என்ற எண்ணிலும் உதவி கோரலாம்.

தெளிந்து ஏற்றவரை மீண்டும் ஐயுறுதலும் தவறே. கை அன்னம் இடட்டும், கண் விழித்திருக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.